ஒன்பது வினாடி

ஜெலுத்தோங் பூட்டுக்கடை இருதயநாதனுக்கு
மாதக் கணக்கை ஒப்பிக்கிறேன்:
வந்த நூறில் தொண்ணூற்றொருவர்
ஒரே பக்கத்தோடு திரும்பிவிட்டார்கள்.
சராசரி ஒன்பது வினாடி.

பட்டர்வொர்த்துக்கென்று நான் பிரித்துக் கொடுத்த
துணைத்தளம்
நாலாம் பக்கத்தில் கிடக்கிறது.
பெயருக்கு முன்னால் ஒரு சொல், ஒரு புள்ளி,
அவ்வளவுதான் போட்டேன்.
கூகுளுக்கு அது வேறு வீடு.
பதினோரு வருடத்து நல்ல பெயர்
அந்தப் புள்ளியைத் தாண்டவில்லை.

"ஒரே குடும்பம்னு சொல்லக்கூடாதா?"
சொல்லலாம். நம்ப அதற்கு நாளாகும்.

அவர் சாவி அராவுகிறார்.
பித்தளைத் தூள் என் மடிக்கணினி மேல்.
"ராத்திரி ரெண்டு மணி. பதினேழாவது மாடி.
பிள்ளை உள்ளே, சாவியும் உள்ளே.
என் பக்கத்தைத் திறந்தவ
நம்பரைப் பார்த்ததும் போயிட்டா.
உங்க கணக்குல அவ யாரு?"

ஓடிப்போனவள், என்றேன்.

போன் அடித்தது.
பாதி அராவிய சாவியை மேசையில் போட்டுவிட்டு
மோட்டாரைக் கிளப்பினார்.

அன்று மாலையே
புள்ளியை எடுத்துவிட்டுச் சாய்கோடு போட்டேன்;
பட்டர்வொர்த் தாய்வீட்டுக்குள் ஓர் அறையானது.
தொலைபேசி எண்ணை
இன்னும் பெரிதாக்கினேன்.

எட்டு வினாடி போதும்.