பிரபவ, புரட்டாசி

விருந்தில் தட்டெடுக்கிறேன்.
புதுக் கப்பலின் மாலுமி பேசுகிறான்:

கோல்கொண்டாக் கோட்டைக் கதவை
நள்ளிரவில் உள்ளிருந்தே திறந்துவிட்டார்களாம்.
கிரேக்க தேசத்துக் குன்றில் ஒரு கற்கோயில்,
உள்ளே வெடிமருந்து அடுக்கியிருந்தார்களாம்,
ஒரே குண்டு.
எல்லாம் ஒரே மாதத்தில் என்று
மேசையைத் தட்டுகிறான். சாராயம் தளும்புகிறது.
துடைக்கிறேன்.

இவர்களுக்கு அது ஆயிரத்து அறுநூற்று எண்பத்தேழு.
எனக்குப் பிரபவ; அறுபதில் முதலாவது.
நாகப்பட்டினத்து அலைவாயில்
மூன்று மரக்கால் அரிசிக்கு
அண்ணன் என்னைக் கொடுத்தான்.
குவித்து அளக்கச் சொல்லிக் கெஞ்சினான்;
தலைதட்டித்தான் அளந்தார்கள்.
சிந்தியதை நான்தான் பொறுக்கி
அவன் துண்டில் போட்டேன்.

கப்பலேறிய மாதத்தையே
பெயராக எழுதிக்கொண்டார்கள்.
"செப்தெம்பர்!" என்கிறாள் துரைசாணி.
ஓடுகிறேன்.

நன்னம்பிக்கை முனையாம் இந்த ஊர்.
வாசலில் நிற்கிறது மேசைபோல் ஒரு மலை.
மேகம் அதன்மேல் வெள்ளைத்துணி விரிக்கிறது,
விரித்துக்கொண்டே இருக்கிறது,
யாரும் இன்னும் சோறு வைக்கவில்லை.

அறுபது வருஷத்தில் பிரபவ திரும்பிவிடும்.
அதற்குத் தன் பெயர் மறப்பதில்லை.

சமையற்கட்டில் அடுத்த பாயில் ஏப்ரல்,
வங்காளத்தான்.
நேற்றிரவு கேட்டான், சொன்னேன்.
தாழைமுத்து என்று சொல்லிப் பார்த்தான்.
ழகரம் வரவில்லை.
பரவாயில்லை,
இன்னொரு தரம் சொல்லு என்றேன்.