தன்மைப் பன்மை

காலையில் நான் சில்வேரியோ ஒகாம்போஸ்.
கண்ணாடிக் கூண்டுக்குள், ஒலிவாங்கியின் முன்,
அவருடைய குவாரனியை ஸ்பானியத்தில் சொன்னேன்:
என்னைத் தொட்டியில் அமுக்கினார்கள்.
தண்ணீரில் சோப்பு வாசனை இருந்தது.
எண்ணிக்கொண்டிருந்தவன் நாற்பதில் கொட்டாவி விட்டான்.

தொழில் விதி அப்படி.
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது.
நான் என்றால் நான்தான்.
மதியம் ஒரு குவளை தெரெரே, ஆறிப்போன சிப்பா ரொட்டி,
கொஞ்சம் தொண்டைக் கமறல்.
பிறகு அதே நாற்காலி, அதே தொண்டை,
இரண்டரை மணியிலிருந்து நான்
முன்னாள் அதிபர்.

எண்பத்தொரு வயது. கஞ்சி போட்ட சட்டை.
முழங்காலில் கம்பளி,
அசுன்சியோனின் டிசம்பர் வெயிலில்.
காதருகே கை குவித்து நீதிபதியைக் கேட்கிறார்,
வேறு யாரையும் அல்ல.
பின்வரிசையில் பதினேழு பேர்
காதில் கருவி மாட்டி
என் வாய் வழியே அவரைக் கேட்கிறார்கள்.

"அந்த முறை அங்கீகரிக்கப்பட்டது" என்றார்.
பரிந்துரைக்கப்பட்டது. பரிசீலிக்கப்பட்டது. கடைப்பிடிக்கப்பட்டது.
பட்டது, பட்டது, பட்டது.
பட்டவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள்.

"வந்த காகிதத்தில் கையெழுத்திட்டேன்.
நாளொன்றுக்கு இருநூறு. படிக்க ஏது நேரம்?"

அரசு வழக்கறிஞர் நிமியா ரிவரோலா
குரலை உயர்த்தவில்லை.
திரையில் ஒரு பக்கம் ஒளிர்ந்தது.
'முறை' என்ற சொல்லை அடித்தவன்
ஓர் உயிரெழுத்தின் தலையில் சாய்கோட்டை விட்டிருந்தான்.
பச்சை மையில் அதைப் போட்டிருந்தது ஒரு கை.
கீழே, அதே பச்சையில், கையெழுத்து.
"படிக்காமல் எப்படி ஐயா பிழை திருத்தினீர்கள்?"

எறும்பின் கால் அளவுக் கோடு.
மூன்று வருட விசாரணையில்
இதைவிடச் சின்ன சாட்சி வந்ததில்லை.
சில்வேரியோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.
படிக்கத் தெரியாதவர்.
ஆனாலும் பார்த்தார்.

அப்போதுதான் அதிபர் நிமிர்ந்தார்.
நாடு எரிந்தது, செய்ய வேண்டியதைச் செய்தோம் என்றார்.
நொசோத்ரோஸ் என்றார்.
ஸ்பானியத்துக்கு அந்த ஒரு சொல் போதும்,
கதவில்லாத பேருந்து, யாரையும் ஏற்றலாம், இறக்கலாம்.
குவாரனியில் இரண்டு.
கேட்பவரைச் சேர்த்தால் 'ஞாண்டே', விலக்கினால் 'ஓரே'.
நாம். நாங்கள்.

தேர்தல் மேடையில் இவர் முதலாவதைத் தவிர
வேறெதுவும் பேசியதில்லை:
நாம் விதைத்தோம், நாம் அறுப்போம்.
அப்பாவின் தோளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.
கை தட்டியிருக்கிறேன்.

அரை நொடி. அதற்கு மேல் இந்த வேலையில் கிடையாது.
அமுக்கியவனையும் அமுங்கியவனையும் ஒரு சொல்லில் அடைக்க
என் நாக்கு மறுத்தது என்று
பெருமையாகச் சொல்ல ஆசைதான்.
உண்மையில் யோசிக்கவில்லை. வாயில் வந்தது:
நாங்கள், செய்ய வேண்டியதைச் செய்தோம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார்.
அவருக்கும் குவாரனி தாய்ப்பால்.
"ஆட்சேபணை! என் கட்சிக்காரர்
நாட்டு மக்கள் எல்லாரையும் சேர்த்தே சொன்னார்."
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
இருமலாகவும் இருக்கலாம்.

நீதிபதி பேனாவை மூடினார்.
"அவரேதான் இருக்கிறாரே, கேட்டுவிடலாம்.
ஐயா, அந்த நொசோத்ரோஸில் யார் யார்?
பெயர் பெயராகச் சொல்லுங்கள்."

அவர் கம்பளியின் ஓரத்தை மடித்தார். பிரித்தார்.
மறுபடி மடித்தார்.
ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது.
நான் வாயைத் திறந்தபடி காத்திருந்தேன்.
அவர் நான் என்றால்
அந்த மௌனமும் நான்தான்.
பதினேழு பேர் காதுக்கும் போனது
என் மூச்சு மட்டும்.

சில்வேரியோ கருவியைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டார்.
உதடு அசைந்தது.
எண்ணுகிறார்.
நாற்பதைத் தாண்டினார்.