பதினேழாம் கேள்வி

ஹூஸ்டன். ஏழு மாதமாக ஒரே கேள்வியோடு
வாசல் வாசலாக ஏறி இறங்குகிறேன்:
கடந்த முப்பது நாளில் நெஞ்செரிச்சல் உண்டா?
ஆம். இல்லை. தெரியாது.
அதற்கு மேலே, பெயருக்குப் பக்கத்தில்
இனம் என்றொரு கட்டம்.

முடிதிருத்தும் லவெல் ஸ்டோக்ஸ்
கத்தரியை நிறுத்தாமலே சொன்னார், இல்லை.
கண்ணாடிக்குக் கீழே, சீப்புகளுக்கு நடுவில்
சுண்ணாம்பு மாத்திரைக் குப்பி, பாதி காலி.
"அது வெறும் வாயும்மா.
ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
அவசரப் பிரிவில் ஒன்பது மணிநேரம் உட்கார்ந்தேன்.
என்ன போதை போட்டாய் என்று கேட்டார்கள்.
அன்றிலிருந்து நானும் அதுவும்
எங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்கிறோம்."

கூரை போடும் யூசேபியோ அர்ரியாகாவுக்கு
குனிந்தால் புளிப்பு தொண்டை வரை வரும்.
குனியாமல் கூரை போட முடியுமா?
ஆணிப்பெட்டிக்குள் சோடா உப்புக் கரைத்த தண்ணீர்.
டாக்டர் என்றதும் சிரித்தார்.
"நாலு வருஷமா உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார்,
எழுதிக்கொள்!" உள்ளேயிருந்து மனைவி.
அதை எழுத இடமில்லை.

ஹாலி விட்மர் அம்மாள் மட்டும்
தன் உணவுக்குழாயின் படத்தை
பேரன் படம்போலக் கைபேசியில் காட்டினார்.
இளஞ்சிவப்பு. இரண்டுமுறை குழாய் விட்டுப் பார்த்தாகிவிட்டதாம்.

நகப்பூச்சுக் கடை ஃபுங் லுவாவுக்கு
மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார்.
அவள் ஏதோ சொன்னாள், நீளமாக.
"கவலையாக இருக்கிறதாம்," என்றது ஒலிபெருக்கி.
எரிச்சலுக்கு இல்லை, மனநிலைக்கு ஆம் என்று தட்டி
அனுப்பியும் விட்டேன்.
அவள் தலையை ஆட்டி, என் கையை இழுத்து
மார்புக்கூட்டின் அடியில் அழுத்திக் காட்டினாள்.
பிறகு அவள் அக்கா மகன் சொன்னான்:
எங்கள் பேச்சில் குடல் சுடுகிறது என்றால்
கவலை என்றுதான் பொருள்.
சித்திக்கு நிஜமாகவே சுடுகிறது.

நமக்குத் தெரியாததா?
வயிறு எரிகிறது என்றால்
யாரும் தண்ணீர் கொண்டுவருவதில்லை.

அட்டவணை நேற்று வந்தது.
ஆசியர், குறைவு. கறுப்பர், குறைவு.
நல்ல சுத்தமான தரவு என்றார் மேலாளர்.

சனிக்கிழமை லுவாவின் கடைக்குப் போனேன்,
கேள்வித்தாள் இல்லாமல், நகம் வெட்டிக்கொள்ள.
இழுப்பறையைத் திறந்து
இஞ்சி மிட்டாய் ஒன்று எனக்குத் தந்தாள்,
தானும் ஒன்று போட்டுக்கொண்டாள்.
ஏப்பம் வந்தபோது
முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மரியாதைக்கு.