முப்பது டிகிரி

கடுகில் பாதிகூட இல்லை.
நியான் மீன் ஒன்றின் வாலில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.
ஞாயிற்றுச் சந்தையில் வாங்கி வந்த நான்கில் ஒன்று அது.
இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைக்காமல்
பையை அவிழ்த்து அப்படியே கவிழ்த்தவன்
நான்தான்.

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றுக்கும் அம்மை முத்து.
கூழாங்கல்லில் விலாவை உரசி உரசித் திரும்பின.
நகமில்லாதவை வேறெப்படிச் சொறியும்?

ஓஸ்த்ராவாவில் வெளியே மைனஸ் பதினொன்று.
நான் இரவு டிராம் ஓட்டுகிறேன்.
யார்மிலாவுக்குப் பகலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
எங்களுக்குள் பேச்சு நின்று ஒன்பது நாள்.
காரணம் மீன் இல்லை.
மீனாக இருந்திருந்தால் சுலபம்.

மீன்கடை வோந்த்ரா
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:
தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் தொடாது.
தின்று கொழுத்து அதுவாகத்தான் உதிரும்.
அடிமணலில் ஒட்டிக்கொண்டு ஓடு கட்டும்,
ஓட்டுக்குள் ஒன்று நூறாகும், அப்போதும் தொடாது.
ஓடு உடைந்து குஞ்சுகள்
அடுத்த உடம்பைத் தேடி நீந்தும் பாருங்கள்,
அந்த ஒரு நாள்தான் உங்களுக்கு.
சூட்டைக் கூட்டுங்கள்.
சூடு அதைக் கொல்லாது,
அவசரப்படுத்தும்.

தாளில் எழுதித் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டினேன்:
"26 டிகிரி. மருந்து இருபது சொட்டு.
வடிகட்டிக் கரியை எடுத்தாயிற்று. விளக்கு போட வேண்டாம்."

விடிகாலை திரும்பியபோது
அதன் கீழே அவளுடைய சாய்ந்த எழுத்து:
"27. அயிரைக்குத் தோல் மெல்லிசு,
பாதி அளவுதான் தாங்கும்.
சீட்டைப் படிக்க மாட்டாயா."
கேள்விக்குறிகூடப் போடவில்லை.
கோட்டைக் கழற்றாமல் இரண்டு முறை படித்தேன்.

28.
உப்பு, தட்டையாக நான்கு கரண்டி.
வெளிச்சம் படாமல் தொட்டியைப் போர்த்தியிருந்தாள்,
கட்டிலில் என் பக்கத்துப் போர்வையால்.

29. காற்றுக்குழாய் இன்னொன்று.
வெந்நீரில் மூச்சு குறையுமாம்.

முப்பது.
கட்டணத்துக்குப் பயந்து
வீட்டை நாங்கள் பதினெட்டில் வைத்திருக்கிறோம்.
இந்த மூன்று அறைகளில் வெதுவெதுப்பானது
அந்த நூறு லிட்டர் மட்டும்.
அவள் நாற்காலி தொட்டியருகே நகர்ந்திருந்தது.
பக்கத்து அலமாரியில் தேநீர்க் கோப்பையின் ஈர வளையம்.
நானும் அங்கேயே உட்கார்ந்து
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைத் தாள்:
"ஒன்று போய்விட்டது. பால்கனியில், தயிர் டப்பாவில்.
மண் உறைந்து கிடக்கிறது, தோண்ட முடியவில்லை."

ஞாயிறு, போர்வையை விலக்கிப் பார்த்தால்
ஒரு புள்ளி இல்லை.
நீலக்கோடு நீலக்கோடாகவே ஓடியது.
பெரிய எழுத்தில் எழுதினேன்: "குணமாகிவிட்டது."

அதை அடித்துவிட்டு எழுதியிருந்தாள்:
"இல்லை. உடம்பில் காணோம் என்றால்
தண்ணீரில் இருக்கின்றன என்று அர்த்தம்.
இப்போது போய் நிறுத்தாதே."

நிறுத்தவில்லை.
அம்மை இறங்கினவர்களுக்குத் தலைக்குத் தண்ணீர் விடலாம்.
தண்ணீரிலேயே கிடப்பவற்றுக்கு?
மணலைக் குழாயால் உறிஞ்சி
மூன்றில் ஒரு பங்கை மாற்றினேன்.
புது நீரையும் முப்பதுக்குக் காய்ச்சி,
குவளை குவளையாக,
சத்தம் வராமல்.
அடுத்த அறையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்,
அல்லது
தூங்கவில்லை.

இன்று காலை தாளின் மூலையில்
பச்சையாக ஒரு விரல்ரேகை.
மருந்துக் கறை. என்னுடையதைவிடச் சிறியது.
பக்கத்தில்:
"30. இன்னும் நான்கு நாள்.
ரொட்டி தீர்ந்துவிட்டது."

ரொட்டிக்கும் மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.
கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பேக்கரியில் அப்போதுதான் கதவு திறந்தார்கள்.
சில்லறை நீட்டிய என் விரலைப் பார்த்து
"பெயின்டா?" என்றாள் அந்தப் பெண்.

"மீன்" என்றேன்.
"இரண்டாகக் கொடுங்கள்."