காற்றோட்டம்

பேர்ன், சட்டத்துறை நூலகம், மூன்றாம் தளம்.
அளவுநாடாவின் மறுமுனை ரெகுலாவிடம்.
வரிச்சட்ட உரைகள் பதினாலரை மீட்டர்;
கடைசியாகத் தொட்டது தூசுத்துணி.
"நிலவறைக்கு" என்கிறாள். எழுதிக்கொள்கிறேன்.

அலமாரி போனால் நாற்பது நாற்காலி,
நாற்காலிக்கொரு மின்செருகி.
பேராசிரியர் எக்லி நேற்றும் எழுதியிருந்தார்:
புத்தகம் நகர்ந்தால் தானும் நகர்வாராம்.
அவருக்கு எத்தனை மீட்டர்?

திவால் சட்டத்துக்கும் தூணுக்கும் நடுவே
தரையில் ஒருத்தி.
முழங்காலில் முகம். பக்கத்தில் கசங்கிய
தேர்வு முடிவு.
நாடா சரக்கென்று சுருண்டது;
அவள் நிமிரவில்லை.

வரைபடத்தில் இதற்குக் குறியீடு கிடையாது.
மாலையில் அந்தத் தூணுக்குப் பின்னால்
தொண்ணூறு சென்டிமீட்டர் விட்டேன்.
'எதற்கு' என்ற கட்டத்தில்
'காற்றோட்டம்' என்று போட்டேன்.

ரெகுலா வெகுநேரம் பார்த்தாள்.
தொண்ணூறை அடித்து
நூற்றிருபது ஆக்கினாள்.