ஏணிக்கு எண் கிடையாது

முதுகில் மூட்டையோடு ஒருவன் வந்தான்.
மூட்டைக்கு மேல் ஒரு தலை,
சுற்றிக்கொண்டே இருந்தது.
குடை விரிக்க இடமில்லாத எங்கள் சந்தில்
சாக்கடை மூடிகளைத் தாண்டித் தாண்டி நடந்தான்.
கொசு மருந்தா என்று கேட்டேன்.
அளக்கிறோம் என்றான்.
நாடா இல்லை, கயிறு இல்லை.
வெளிச்சத்தை எறிந்து, அது திரும்பி வரும் நேரத்தை எண்ணி
வீட்டை எழுதிக்கொள்ளுமாம் அந்தத் தலை.

மறுநாள் கதவுகளில் சிவப்புச் சாயம்.
கீழ்வீட்டுக்கு ஓர் எண், அம்புக்குறியோடு.
என் கதவு மேலே இருக்கிறது.
பதினோரு படி இரும்பு ஏணி,
மூன்றாவது படி ஆடும்.
சாயக்காரன் அண்ணாந்து பார்த்தான்.
டப்பாவைப் பார்த்தான்.
அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

தாராவியில் தரையில் இருப்பவருக்கு வீடு,
மாடியில் இருப்பவளுக்குப் "பார்க்கலாம்."
மேலே போனால் பிழைக்கலாம் என்றுதானே
எல்லாரும் சொன்னீர்கள்.

மாகிமில் ஒரு கிடங்கில் எனக்கு வேலை.
ஏழாம் வரிசை, மூன்றாம் தட்டு, வெங்காயம் ஒரு கிலோ
என்று கைக்கருவி சொல்லும்.
எடுக்க நாற்பது விநாடி.
பத்து நிமிடத்தில் யார் வீட்டு அடுப்படிக்கோ போய்விடும்.
ஒருநாள் ஆசைக்கு என் விலாசத்தைப் போட்டுப் பார்த்தேன்.
உங்கள் பகுதிக்கு விரைவில் வருவோம் என்றது.
வெங்காயத்துக்கு முன்னால்
அளக்கிறவன் வந்துவிட்டான்.

கீழ்வீட்டுச் சங்கரபாண்டியன்
இருபத்திரண்டு வருடமாகத் தரையில் நின்றே வாடகை கேட்டவர்.
சட்டியில் கயிறு கட்டி இறக்குவேன்.
பணத்துக்குத் தீட்டு இல்லை,
என் செம்புத் தண்ணீருக்கு உண்டு.
நோட்டு செல்லாமல் போன கார்த்திகையில்
சட்டி நிறையச் சில்லறை இறங்கியது.
பிறகு போனில் தட்டினால் போதும் என்றானது.
கயிறு நைந்து அறுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.
கீழிருந்து ஒரு பெண்குரல் மட்டும் கேட்கும்:
நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது.

அன்று ராத்திரி, "ஜெபக்கனி, மேல வரலாமா?"
என் பேர் அவருக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.
மூன்றாவது படியைப் பற்றி நான் சொல்லவில்லை.
தகரத்தில் தலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.
"நாளைக்குக் கேட்டா தங்கச்சின்னு சொல்லும்மா.
ரெண்டும் ஒரே குடும்பம்னா எனக்கு இடம் கூடும்.
உன்னை விட்டுருவனா?"

செம்பை நீட்டினேன்.
ஒரே மூச்சில் குடித்தார்.
தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எந்தக் கூட்டத்து மைக்கும்
எந்த ஞாயிற்றுப் பிரசங்கமும்
அவரைக் குடிக்க வைத்ததில்லை.
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
பாதித் தூக்கத்தில் அடக்க முடியாமல் சிரித்தேன்.

காலையில் பிரணாலி காம்ளே,
கழுத்தில் அட்டை, கையில் பலகை.
ஏணியில் சரசரவென்று ஏறினாள்.
வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன வேண்டும்?
கீழே இருமல் சத்தம்.

"வாடகை" என்றேன்.
ரசீது?
இல்லை.
ஆனால் போனில் எழுபத்தொரு மாதம் இருக்கிறது,
பேரோடு, தேதியோடு.
அவள் பலகையில் அதற்குக் கட்டம் இல்லை.
"இதர" என்ற இடத்தில் நெடுநேரம் தட்டினாள்.
இருமல் நின்றுவிட்டது.

போகும்போது, பார்க்கிறீர்களா அக்கா என்று திரையைக் காட்டினாள்.
நீலப் புள்ளிகளாய் எங்கள் சந்து,
தூக்கத்தில் மூச்சுவிடுவதுபோல் மினுங்கியது.
ஏணி ஒரு கீறல்.
அதற்கு மேலே என் அறை,
நான்கு பக்கமும் அடைத்து.

எனக்கு மூன்று சுவர்தான்.
நாலாவது எங்கிருந்து வந்தது?
யோசித்துப் பார்த்தால்
அவன் வந்த அன்று கொடியில் காய்ந்தது
என் பச்சைப் புடவை.

நான் திருத்தச் சொல்லவில்லை.

அவள் இறங்கினாள், தூறல் விழுந்தது.
சுவரை எடுத்து
நாலாய் மடித்து
உள்ளே வைத்தேன்.