மூன்றா, எட்டா

குடாயிசி. ரியோனி ஆற்று அளவை அலுவலகம், இரண்டாம் மாடி.
ஹீட்டரில் ஒரு கம்பிதான் சிவக்கிறது.
ஏ என்று அடிக்க வேண்டிய இடத்தில்
பி என்று அடித்தேன்.
ஆமாம், நான்தான். ஓதார்.
வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள்.

ஒதுக்கப்படாத இடம், ஒரு டெராபைட்
என்றது திரை.
பத்தொன்பது வருட ஆறு அதற்குள் இருந்தது,
பாலத்தடியில் பனி இறுகிய பிப்ரவரி உட்பட.

நாதேலா கத்தவில்லை.
"எதையும் எழுதாதே. கையைச் சட்டைப்பையில் வை."
வைத்தேன்.
உள்ளே ஒன்றும் அழியவில்லையாம்.
எது எங்கே தொடங்குகிறது என்ற
மூன்று வரி மட்டும் போயிற்றாம்.
வீடு நிற்கிறது, கதவிலக்கம்தான் இல்லை என்றாள்.
யாருக்கு ஆறுதல் சொன்னாளோ.

நகல் எடுக்காமலா இருப்பார்கள்?
எடுத்திருந்தார்கள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்,
ஒழுங்காகப் பெயரிட்ட கோப்பு,
அதே வட்டில், மூன்றாம் பிரிவில்.
பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டிய புண்ணியவான்
இப்போது பத்தூமியில் ஹோட்டல் நடத்துகிறான்.
போன் செய்தோம். சிரித்தான்.
சிரித்து முடித்துத்தான் சொன்னான்:
"ஃபியூஸ் பெட்டிக் கதவின் உட்புறம் பாருங்கள்."

பழுப்பேறிய தாள். டேப் பாதி விட்டிருந்தது.
முதல் தொடக்கம் 2048.
அடுத்தது 1050624, நீளம் 104857600.
மூன்றாவதில் ஈரம் பட்டு ஓர் இலக்கம் ஊறிக் கிடந்தது:
மூன்றா,
எட்டா?

கால்குலேட்டர் வேண்டாமென்றாள்.
மின்கட்டண உறையின் பின்புறம்
ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினாள்.
முந்தையதன் தொடக்கத்தோடு நீளத்தைச் சேர்த்தால்
அடுத்ததன் வாசல்.
எட்டு.

"நீயே அடி. எழுத்தை வாய்விட்டுச் சொல்."
பி, என்றேன்.
பி, என்றாள்.
காலையில் பிழையாக இருந்த அதே எழுத்து.

வந்தது. கோப்புறைகள் வரிசையாக,
எதுவும் நடக்காத முகத்தோடு.
நாதேலா கடைசி அட்டவணையைத் திறந்து கீழே போனாள்,
இன்னும் கீழே.
நேற்று வரை இருந்தது.
இன்று காலை பாலத்துக்கு யாரும் போகவில்லை.

இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம்.
தாளுக்குப் புது டேப் ஒட்டினேன்,
அதைப் பார்த்து எழுதிய இன்னொன்றை மடித்து
என் பணப்பையில், பஸ் அட்டைக்குப் பின்னால் வைத்தேன்.
அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மீட்டர் பதினான்கு.
குறிப்பு: இரவு 9.40, டார்ச் வெளிச்சத்தில்.